தண்டில் பொறித்த எண்ணும் துளையின் அளவும்

ரீமர் என்பது தண்டில் பொறித்த எண்ணைப் பார்த்து வாங்கி, வெட்டும்வரை ஓட்டி, வெட்டாமற்போனதும் எறிந்துவிட வேண்டிய செலவுப் பொருள் என்ற கருத்து, சென்னைப் புறநகர்களான பம்மல், நாகல்கேணி, அனகாபுத்தூர், திருமுடிவாக்கம் வட்டாரத்து லேத் பட்டறைகளில் மட்டுமின்றி, அவற்றுக்கு வேலை கொடுக்கும் நிறுவனங்களின் கொள்முதல் மேசைகளிலும் வாதத்துக்கு இடமில்லாத உண்மைபோல நிலைபெற்றிருக்கிறது. அக்கருத்து தொழில்நுட்பத்திலும் தவறு, கணக்கிலும் தவறு. டிரில் போட்ட துளை அளவிலும் வட்டத்திலும் வழவழப்பிலும் சற்று முன்பின்னாகத்தான் இருக்கும்; அதன் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் இரண்டு மூன்று பங்கு உலோகத்தை மட்டும் விட்டுவைத்து, அதை ஆறோ எட்டோ வெட்டுப்பற்களால் சீவி எடுத்து, வரைபடம் கேட்கும் அளவுக்குத் துளையைக் கொண்டுவரும் கருவியே ரீமர். இவ்வளவு மெல்லிய வேலையைச் செய்யும் கருவியை ஆணிபோலவும் போல்ட்போலவும் எண் சொல்லி வாங்கலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அது எங்கெங்கே உடைகிறது என்பதே இங்கு முக்கியம்.

எதிர்த்தரப்பை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பதே முறை. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்ட பம்மலின் பட்டறைகள் பல ஜாப் ஒர்க்கை நம்பியவை. அதாவது மூலப்பொருளை வேலை கொடுப்பவர் தர, பட்டறை அதைக் கூலிக்குக் கடைந்து, துளையிட்டுத் திருப்பி அனுப்புகிறது. கூலி உருப்படிக்கு இவ்வளவு என்று பேசப்படுவதால், ரீமரைத் தீட்டச் செலவாகும் நேரத்துக்கு எவரும் காசு தருவதில்லை. ரீமரைச் சாணைபிடிப்பதற்கு உரிய டூல் அண்டு கட்டர் கிரைண்டர் என்னும் இயந்திரமும் அதை இயக்கத் தெரிந்த கையும், இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்திருக்கும் ஒருவருக்கு எட்டாதவை. தவறாகத் தீட்டிய ரீமர், மழுங்கிய ரீமரைவிடக் கேடானது. புதியது வேண்டுமென்றால் பாரிமுனைக் கடைகளுக்குப் போய்வர அரைநாள் போதும். வெட்டுக்கருவி உற்பத்தியில் நாடறிந்த அடிசன் நிறுவனமே சென்னையினுடையதுதான். போதாக்குறைக்கு, சி.என்.சி. இயந்திரங்களை வரிசையாக நிறுத்தியிருக்கும் பெரிய தொழிற்சாலைகளும், இத்தனை துளைக்குப் பின் கருவியை மாற்று என்று எண்ணிக்கை வைத்துத்தான் நடக்கின்றன. சோம்பலில் பிறந்த வாதங்கள் என்று இவற்றைத் தள்ளிவிட முடியாது. ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில்தான் உருப்படிகள் ரிஜெக்ட் ஆகின்றன.

1. தண்டில் 12 என்று பொறித்திருந்தால், அது எந்த 12? ஐ.எஸ். 919 என்னும் இந்தியத் தரம், உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட ஐ.எஸ்.ஓ. முறையை ஒட்டி, துளைகளுக்கும் தண்டுகளுக்கும் அனுமதிக்கத்தக்க விலகலை ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் கொண்டு குறிக்கிறது. அதன்படி 12 எச்7 என்றால் துளை 12.000 மி.மீ.க்குக் குறையவும் கூடாது, 12.018ஐத் தாண்டவும் கூடாது. அனுமதி 18 மைக்ரான், ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இத்துளையை உண்டாக்கும் ரீமரின் விட்டம் 12.000 ஆகத்தான் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அப்படி இருப்பதில்லை. டி.ஐ.என். 1420 என்னும் ஜெர்மன் தரம் வகுத்த கணக்கில், துளையின் மேல் எல்லையிலிருந்து அனுமதியின் 15 சதவீதத்தைக் கழித்தால் கிடைப்பது ரீமரின் மேல் எல்லை. அதிலிருந்து அனுமதியின் 35 சதவீதத்தைக் கழித்தால் கிடைப்பது அதன் கீழ் எல்லை. 18இல் 15 சதவீதம் 2.7, அதை 3 என்று முழுமையாக்க, மேல் எல்லை 12.015 ஆகிறது. 35 சதவீதம் 6.3, அதை 7 என்று முழுமையாக்க, கீழ் எல்லை 12.008 ஆகிறது. ஆகவே புதிய 12 எச்7 ரீமர் ஒன்று 12.008க்கும் 12.015க்கும் இடையில்தான் இருக்கும்.

இந்தக் கணக்கில் மறைந்திருக்கும் பொருள், எண்ணைப் பார்த்து வாங்கும் வழக்கத்தை அடியோடு பொய்யாக்குகிறது. மேலே விட்ட 3 மைக்ரான், ரீமர் தன்னைவிடச் சற்றே பெரிய துளையை வெட்டும் இயல்புக்கு ஒதுக்கப்பட்டது. நடுவில் உள்ள 7 மைக்ரான், ரீமரைச் செய்பவரின் பிழைக்கு ஒதுக்கப்பட்டது. கீழே எஞ்சியிருக்கும் 8 மைக்ரான், தேய்மானத்துக்கு ஒதுக்கப்பட்டது. அந்த 8 மைக்ரான்தான் அக்கருவியின் சேமிப்பு. எச்7 என்ற குறிப்பே இல்லாத, விலை மட்டும் குறைந்த ஒரு 12 ரீமர் உண்மையில் 12.002 ஆக இருந்துவிட்டால், அது முதல் நாளே தன் சேமிப்பைத் தீர்த்துவிட்டு வந்த கருவி, 12.017 ஆக இருந்துவிட்டால், அது வெட்டும் முதல் துளையே எல்லையைத் தாண்டக்கூடும். இரண்டின் தண்டிலும் 12 என்றுதான் இருக்கும். டை செட்டில் இரு தகடுகளை நிலைப்படுத்தும் டோவல் பின்னை எடுத்துக்கொண்டால் இதன் விளைவு தெளிவாகும்: எம்6 அனுமதியில் வரும் 12 மி.மீ. பின் 12.007க்கும் 12.018க்கும் இடையில் இருக்கும், துளை 12.020 ஆகிவிட்டால் எந்தப் பின்னும் அதில் இறுகி நிற்காது, தகடு நகரும், பஞ்ச்சும் டையும் ஒன்றையொன்று கடிக்கும். இரண்டு மைக்ரான் தவறுக்கு ஒரு டை செட் விலையாகிறது.

2. சரியான எச்7 ரீமரையே வாங்கியாயிற்று, இனித் துளை சரியாகத்தான் வரும் என்று சொல்பவர், அளவு என்பது கருவியின் குணம் என்று நம்புகிறார். அளவு கருவியின் குணம் அன்று. கருவி, இயந்திரம், உலோகம், எண்ணெய் ஆகிய நான்கும் கூடிச் செய்யும் விளைவு. டிரில்லிங் மெஷினின் ஸ்பிண்டில், ஸ்லீவ், ரீமரின் டேப்பர் தண்டு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் பிசிரோ தூசோ இருந்து, ரீமரின் முனை இருபது மைக்ரான் அலைந்து சுற்றினால், 12.010 ரீமர் 12.010 துளையை வெட்டும் என்று எதிர்பார்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. மைல்டு ஸ்டீலிலும் அலுமினியத்திலும் வெட்டுமுனையின் மேல் உலோகத் துகள் ஒட்டிக்கொண்டு அதுவே ஒரு பொய்ப்பல்லாகி, துளையைப் பெரிதாக்கிச் சுவரையும் கீறும். மெல்லிய சுவருள்ள புஷ்ஷோ நேர்மாறாக வெட்டும்போது விரிந்து, ரீமர் வெளியே வந்ததும் சுருங்கி, ரீமரைவிடச் சிறிய துளையைத் தரும். வேகத்தின் கதையும் இதுவே. அதிவேக எஃகு ரீமருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விதி, அதே உலோகத்தில் டிரில் ஓடும் வேகத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை, ஆனால் ஊட்டம், அதாவது ஒரு சுற்றுக்குக் கருவி முன்னேறும் அளவு, டிரில்லைப்போல் இரண்டு மூன்று மடங்கு என்பது. மைல்டு ஸ்டீலில் நிமிடத்துக்கு 10 மீட்டர் வெட்டுவேகம் என்று கொண்டால் 12 மி.மீ. ரீமர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 265 சுற்றும், 20 மி.மீ. ரீமர் ஏறத்தாழ 159 சுற்றும் சுழல வேண்டும். சிறு பட்டறைகளில் உள்ள பெஞ்ச் டிரில்லிங் மெஷின்கள் பலவற்றின் மிகக் குறைந்த வேகமே இதைவிட அதிகம். இருக்கும் வேகத்தில் ஓட்டிவிட்டு, ஊட்டத்தையும் பயந்து பயந்து கொடுத்தால், பற்கள் வெட்டாமல் தேய்க்கின்றன. தேய்த்தால் சூடு, சூடேறினால் மழுங்கல், பழி மட்டும் ரீமர் செய்தவருக்கு.

அளந்து பார்த்துத்தானே அனுப்புகிறோம் என்று இங்கே குறுக்கிடலாம். அளவுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். தகரக் கூரையின் கீழ் பம்மலின் மே மாதம் அதற்கு எவ்வளவு தொலைவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எஃகு உருப்படியை, துளைக்குள் நுழைத்து அளவு பார்க்கும் எஃகு பிளக் கேஜால் அளந்தால், இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்வரை, இரண்டும் ஒரே அளவில் விரிவதால் பெரிய கேடு இல்லை. ஆனால் அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், 50 மி.மீ. அலுமினியத் துளையை 35 பாகையில் எஃகு கேஜால் அளந்தால், துளை உள்ளதைவிட ஏறத்தாழ 8 முதல் 9 மைக்ரான் பெரிதாகத் தோன்றும். 50 எச்7இன் அனுமதி 25 மைக்ரான். அதில் மூன்றில் ஒரு பங்கை வெயிலே எடுத்துக்கொள்கிறது. ரீமர் இறங்கிய சூடு ஆறுமுன்பே கேஜை நுழைத்துப் பார்ப்பவருக்கு இழப்பு இன்னும் அதிகம்.

3. மழுங்கிவிட்டது என்று குப்பைக்குப் போகும் ரீமர்களை உண்மையில் மழுக்கியது எது? பெரும்பாலும் அதற்கு முன் ஓடிய டிரில். இங்கே சற்று நிதானிக்க வேண்டும், ஏனெனில் எறிந்துவிடும் கொள்கைக்கு மூலகாரணமான குழப்பம் இதில்தான் இருக்கிறது. 5 முதல் 20 மி.மீ. வரையுள்ள துளைகளில் ரீமருக்கென்று விட்டத்தில் 0.2 முதல் 0.3 மி.மீ. வரை மிச்சம் வைப்பது வழக்கம். அதனால் 12 மி.மீ. துளைக்கு 11.8 அல்லது 11.7 டிரில் என்று மேஸ்திரி சொல்லிவிடுகிறார். ஆனால் 11.8 டிரில் 11.8 துளையைப் போடுவதில்லை. கையால் பெஞ்ச் கிரைண்டரில் தீட்டிய டிரில்லின் இரு உதடுகளும் நீளத்தில் சமமாக அமைவது அரிது. நீண்ட உதடு துளையைப் பெரிதாக்குகிறது, 11.8 டிரில் 11.9 துளையைப் போட்டுவிடுகிறது. ரீமருக்கு எஞ்சுவது பாதி மிச்சம், அதாவது பல் கடிக்கப் போதாத உலோகம். கடிக்க முடியாத பல் சுவரை அழுத்தித் தேய்க்கிறது. மைல்டு ஸ்டீலில் இதன் விளைவு தேய்மானம் மட்டுமே. 304 ரகத் துருப்பிடிக்காத எஃகில் தேய்த்த இடமே கடினமாகிவிடுவதால், அடுத்த பல் அக்கடினத் தோலின் மேல்தான் ஓட வேண்டியிருக்கிறது. நேர்மாறாக, சோம்பலினால் 11.5 டிரில்லைப் போட்டுவிட்டு மீதியை ரீமர் தின்னட்டும் என்று விட்டால், ரீமரின் ஒடுங்கிய பள்ளங்களில் சீவிய உலோகச் சுருள் அடைத்துக்கொண்டு சுவரைக் கிழிக்கிறது. இரு வகையிலும் ரீமர் சாகிறது. இரு வகையிலும் புதிய ரீமர் வாங்கப்படுகிறது. கொன்ற டிரில் மட்டும் அடுத்த ரீமருக்காகக் காத்திருக்கிறது. காரணத்தை வைத்துக்கொண்டு விளைவை மட்டும் மாற்றும் இந்தப் பழக்கத்துக்குச் சிக்கனம் என்று பெயர் வைத்திருப்பது விந்தையானது.

4. துளை சற்றுக் கோணலாகப் போயிருந்தாலும் ரீமர் போட்டால் நேராகிவிடும் என்பது இதே கருத்தின் கிளை. ரீமர் தனக்கு முன் உள்ள துளையைப் பின்பற்றும் கருவி. அதை ஃப்ளோட்டிங் ஹோல்டர் என்னும் நெகிழ்ந்து கொடுக்கும் பிடியில் மாட்டுவதே அத்துளையின் போக்கில் தடையின்றிப் போகட்டும் என்பதற்காகத்தான். இடத்தையும் நேர்த்தன்மையையும் திருத்த வேண்டுமானால், தன் அச்சைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் ஒற்றைமுனைக் கருவியால் போரிங் செய்ய வேண்டும். 1775இல் ஜான் வில்கின்சன் ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரத்துக்கு உருளையைக் குடைந்து கொடுத்தபோது வெற்றி பெற்றதற்குக் காரணம், வெட்டும் கம்பியை இருமுனையிலும் தாங்கி, பழைய துளையின் போக்கைப் பின்பற்ற விடாமல் செய்ததே. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த இந்த வேறுபாடு குறித்து இதற்குமேல் விரித்துரைக்கத் தேவையில்லை.

5. எண்ணுக்கு அப்பால் ரீமரைத் தேர்ந்தெடுக்க வேறென்ன இருக்கிறது என்ற கேள்விக்கு, எண்தான் தேர்வின் மிக எளிய பகுதி என்பதே பதில். கையால் சுழற்றும் ரீமருக்கு டேப் ரெஞ்ச் பிடிக்கச் சதுரத் தலையும், வெட்டுப்பகுதியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நீளத்துக்கு மெல்லிய முன்சரிவும் உண்டு, ஏனெனில் கை தள்ளாடும், துளைக்குள் புகுந்து நேர்ப்பட அதற்கு நீண்ட வழிகாட்டல் தேவை. மெஷின் ரீமரிலோ வெட்டுவது நுனியில் உள்ள சாம்ஃபர் எனப்படும் 45 பாகைச் சரிவு மட்டுமே. முன்னதை மெஷினில் மாட்டி அடிமூடிய துளைக்குள் இறக்கினால், துளையின் அடிப்பகுதி முழு அளவுக்கு வரவே வராது. சாவிக்காடி உள்ள துளையில் நேர்ப்பள்ள ரீமரை விட்டால் ஒவ்வொரு பல்லும் காடியின் விளிம்பில் மோதும். அங்கே சுருள்பள்ள ரீமர் வேண்டும். அப்பள்ளமும் எப்பக்கம் முறுக்கியது என்பது பொருட்டே. வலமாகச் சுழலும் ரீமரில் இடப்புறம் முறுக்கிய பள்ளம் உலோகச் சுருளை முன்னே தள்ளுவதோடு, ரீமர் தானே துளைக்குள் இழுபட்டுப் போவதையும் தடுக்கிறது, ஆகவே ஊடுருவும் துளைக்கு ஏற்றது. வலப்புறம் முறுக்கியது சுருளைப் பின்னே எடுத்துவருவதால் அடிமூடிய துளைக்கு உதவும், ஆனால் கவனக்குறைவான கையில் தானே இழுத்துக்கொண்டு போகும். தோல் பதனிடும் டிரம்முக்குக் கன்மெட்டல் புஷ் செய்யும் பட்டறையும், ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு இ.என். 8 எஃகில் உதிரிப்பாகம் செய்யும் பட்டறையும் ஒரே 12 ரீமரைக் கேட்டுக் கடையில் நின்றால், இருவருக்கும் ஒரே கருவி கிடைக்கும். இருவரில் ஒருவருக்காவது அது பொருந்தாது. பற்களின் இடைவெளி வேண்டுமென்றே சமமில்லாமல் அமைக்கப்பட்டிருப்பதைக் கண்டு குறையுள்ள சரக்கு என்று திருப்பிக் கொடுப்பவரும் உண்டு. சமமான இடைவெளியில் பற்கள் ஒரே தாளத்தில் மோதி அதிர்வை வளர்க்கும் என்பதற்காகவே அத்தாளம் கலைக்கப்படுகிறது. எதிரெதிர்ப் பற்கள் மட்டும் நேர்க்கோட்டில் இருப்பதால் மைக்ரோமீட்டரால் அளக்கவும் முடிகிறது.

மலிவுச் சரக்கை எதிர்க்கிறேன் என்று வரும் விற்பனைப் பிரதிநிதியின் வாதம், அதாவது கார்பைடு ரீமரை வாங்கிவிட்டால் எல்லாம் தீரும் என்பது, மேலே மறுத்த கருத்தின் விலை கூடிய வடிவம்தான். கார்பைடு கடினமானது, தேய்மானத்தைத் தாங்குவது, அதே அளவுக்கு நொறுங்கக் கூடியது. ஸ்பிண்டில் தளர்ந்து அதிரும் பழைய டிரில்லிங் மெஷினில் அதன் பல் நுனி உதிர்வதற்கு ஒரு ஷிஃப்ட் போதும்; அவ்விடத்தில் அதிவேக எஃகு ரீமரின் மென்மையே அதன் தகுதி. வி.எம்.சி. எனப்படும் உறுதியான சி.என்.சி. இயந்திரத்தில், ஆயிரக்கணக்கான துளைகளில், சிலிக்கான் மிகுந்த அலுமினிய வார்ப்பில் அதிவேக எஃகு கார்பைடுக்கு ஈடாகாது என்பதும் உண்மையே. மலிவை வாங்கு என்பவரும் விலையுயர்ந்ததை வாங்கு என்பவரும், பட்டறைக்குள் எட்டிப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்கிறார்கள் என்பதில் ஒத்துப்போகிறார்கள்.

6. தீட்டுவது கட்டுப்படியாகாது என்பதே எதிர்த்தரப்பின் கோட்டை. அதை நேரடியாக எதிர்கொள்ளாமல் இவ்விவாதம் முடியாது. முதலில் ரீமரில் எது தேய்கிறது என்று பார்க்க வேண்டும். சாம்ஃபர் வெட்டுகிறது, அதன் பின்னே பல்லின் முதுகில் மார்ஜின் எனப்படும் குறுகிய வட்டப் பட்டை சுவரைத் தொட்டு வழிகாட்டுகிறது, அதற்குப் பின்னால் விட்டம் மிக நுண்ணிய அளவில் சரிந்து குறைகிறது. தேய்மானம் பெரிதும் விழுவது சாம்ஃபரும் மார்ஜினும் சந்திக்கும் மூலையில். ஆகவே தீட்ட வேண்டியது சாம்ஃபரை மட்டுமே, அதையும் எல்லாப் பற்களிலும் ஒரே உயரத்துக்கு. மார்ஜினில் சாணைக்கல் பட்டுவிட்டால் அளவே போய்விடும். தவறாகத் தீட்டியது மழுங்கியதைவிடக் கேடு என்ற எதிர்த்தரப்பின் கூற்று இதனால் சரியானது: பெஞ்ச் கிரைண்டரில் கையால் தீட்டினால் ஆறு பற்களில் ஒன்றிரண்டு மட்டும் உயர்ந்து நின்று, அவையே வெட்டி, ரீமரை ஒருபக்கம் தள்ளித் துளையைப் பெரிதாக்கும். ஆனால் இதிலிருந்து தீட்டவே கூடாது என்ற முடிவு எப்படிப் பிறக்கும்? பல் மருத்துவத்தைக் கொல்லரிடம் செய்துகொண்டு புண்பட்டவர், பல் மருத்துவமே வேண்டாம் என்பது போன்றது அது.

உரிய இயந்திரத்தில், மூலையில் ஒரு மெல்லிய பளபளப்புக் கோடு தெரியத் தொடங்கும் போதே தீட்டினால், நுனியில் மிகச் சிறிதளவு நீளம் மட்டுமே கழிகிறது. 12 மி.மீ. மெஷின் ரீமரின் வெட்டுப்பகுதி பொதுவாக நாற்பது மி.மீ.க்கும் மேல் நீண்டது. மேலே சொன்ன 8 மைக்ரான் சேமிப்பு தீரும்வரை, அது பல முறை தீட்டத் தாங்கும். துளை கீறல் விழுந்து, ரீமர் கீச்சிட்டு, நீலம் பாய்ந்த பிறகு தீட்டக் கொடுப்பவருக்கோ, தேய்ந்த பகுதி முழுவதையும் வெட்டி எறிய வேண்டியிருப்பதால், ஒன்றிரண்டு முறைக்குமேல் கிடைப்பதில்லை; அவர் தன் அனுபவத்திலிருந்து தீட்டுவது வீண் என்று சரியாகவே முடிவு செய்கிறார், ஆனால் அவர் தீட்டியதே நேரங்கடந்து.

கணக்கு இன்னும் ஆழமான இடத்தில் பிழைக்கிறது. எதிர்த்தரப்பு ஒப்பிடுவது புதிய ரீமரின் விலையையும் தீட்டும் கூலியையும். ஒப்பிட வேண்டியதோ இவ்விரண்டையும் கெட்டுப்போன உருப்படியின் விலையோடு. வெட்டும்வரை ஓட்டு என்னும் கொள்கையில், ரீமர் மழுங்கிவிட்டது என்பதைப் பட்டறை அறிவதே உருப்படி கெட்டபின்தான். ரீமர் ஓடுவது பெரும்பாலும் கடைசி வேலையாக. அதற்குமுன் அந்த உருப்படி அறுக்கப்பட்டு, கடையப்பட்டு, மில்லிங் செய்யப்பட்டு, அத்தனை கூலியையும் தன்மேல் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது. ஜாப் ஒர்க்கில் மூலப்பொருள் வேலை கொடுத்தவருடையது என்பதால், கெட்டுப்போன உருப்படிக்குக் கூலி போவதோடு நிற்பதில்லை. பொருளின் விலையும் டெபிட் நோட்டாகத் திரும்பி வருகிறது. உருப்படிக்குச் சில ரூபாய் கூலிக்கு வேலை செய்பவர், பொருளின் முழு விலையைப் பிணையாக வைத்து ஒரு மழுங்கிய ரீமரின் மேல் பந்தயம் கட்டுகிறார். தீட்டும் நேரத்துக்கு எவரும் காசு தருவதில்லை என்பது உண்மை. தீட்டாத நேரத்துக்கு அவரே காசு தருகிறார்.

பெரிய தொழிற்சாலைகள் எண்ணிக்கை வைத்துக் கருவியை மாற்றுகின்றன என்ற எடுத்துக்காட்டோ எதிர்த்தரப்புக்கே எதிராகத் திரும்புகிறது. இயந்திரத்திலிருந்து இறக்குவதும் எறிவதும் ஒன்றல்ல. எண்ணிக்கை வைப்பதே, கருவி கெடுமுன் அதை இறக்கித் தீட்டக் கொடுப்பதற்கு. கார்பைடு கருவிகளைத் தீட்டிக் கொடுப்பது தனித் தொழிலாகவே நடப்பதும், தீர்ந்துபோன கார்பைடை எடைக்கு விலைபேசி வாங்குவதும் அறியாதவர் இத்துறையில் இருக்க மாட்டார்கள். சிறு பட்டறை அத்தொழிற்சாலையிடமிருந்து மாற்றுவதை மட்டும் கற்றுக்கொண்டு எண்ணுவதைக் கற்றுக்கொள்ளவில்லை. டூல் அண்டு கட்டர் கிரைண்டர் ஒருவருக்கு எட்டாதது என்றால், இருபது பேருக்கு எட்டாதது என்று பொருளில்லை. திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையைப்போல ஒரே சாலையில் பட்டறைகள் நெருங்கி நிற்கும் இடத்தில் ஓர் இயந்திரமும் ஓர் ஆளும் வாரம் முழுதும் ஓய்வில்லாமல் வேலை பார்க்கலாம். 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை எழுந்த காலம் முதல், சிறு தொழில்களை ஓரிடத்தில் குவிப்பதற்கு அரசு சொல்லிவந்த நியாயமே, தனித்தனியே வாங்க முடியாததைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான்.

7. பராமரிப்பு என்றால் தீட்டுவது என்று மட்டும் சுருக்கிக்கொள்வது கடைசிப் பிழை. ஐ.டி.ஐ. ஃபிட்டர் பயிற்சியில் சொல்லித் தரும் பாடங்கள் பட்டறையில் சேர்ந்த சில மாதங்களிலேயே மறக்கப்படுகின்றன. ரீமரை எக்காரணம் கொண்டும் பின்னோக்கிச் சுழற்றக்கூடாது. சுழற்றினால் சுருள் பல்லின் முதுகுக்கும் சுவருக்கும் இடையில் சிக்கி, வெட்டுமுனையைப் பெயர்க்கும், சுவரையும் உழும். வெளியே எடுக்கும்போதும் முன்னோக்கிய சுழற்சியிலேயே எடுக்க வேண்டும். எஃகுக்குக் கட்டிங் ஆயில், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் கலந்தது, வார்ப்பிரும்புக்கு உலர்ந்த வெட்டு என்ற வேறுபாட்டை, எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளைக் கூலன்ட் என்ற வசதி விழுங்கிவிட்டது. இவை எல்லாவற்றையும்விட அதிக ரீமர்களைக் கெடுப்பது மேசை இழுப்பறை. ஸ்பேனர், டிரில், அரம் ஆகியவற்றோடு ரீமரையும் போட்டு, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கடினமான பல் கடினமான பல்லோடு உரசவிட்டால், ஒரு துளையும் வெட்டாமலே கருவி பல் உதிர்ந்து கிடக்கும். கடற்காற்றின் ஈரம் வீசும் நகரத்தில், எண்ணெய் பூசாமல் வைத்த மார்ஜினில் விழும் துருப்புள்ளி ஒவ்வொன்றும் துளைச் சுவரில் ஒரு கோடு. புதிதாக வாங்கும்போது ரீமர் வந்த பிளாஸ்டிக் குழாயை எறியாமல் வைத்திருப்பதற்கு எந்த இயந்திரமும் முதலீடும் தேவையில்லை.

எறிவதே சரியான இடங்களும் இருக்கின்றன. மூன்று நான்கு மி.மீ.க்குக் குறைந்த விட்டமுள்ள ரீமர்களைத் தீட்டுவது, கண்ணும் கூலியும் இரண்டுமே கட்டாத வேலை. இரண்டே துளைக்காக வாங்கிய விசேஷ அளவு ரீமருக்குச் சேமிப்புக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. பல் உதிர்ந்துவிட்ட ரீமரை, மூலைத் தேய்மானம் என்று எண்ணித் தீட்டக் கொடுப்பதும் வீணே. வாகனப் பழுதுபார்க்கும் பட்டறையில் கிங் பின் புஷ்ஷுக்கு ஓடும் அட்ஜஸ்டபிள் ரீமர், அதாவது கத்திகளை நகர்த்தி விட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை, தனி நியாயம் உடையது. அங்கே புஷ் புஷ்ஷாகப் பின்னைப் பார்த்துப் பொருத்துகிறார்கள், எச்7க்கு அங்கே வேலையில்லை.

மற்ற இடங்களில் திருத்தம் தொடங்க வேண்டியது கிரைண்டரில்கூட அல்ல, கடைக்கு எழுதும் சீட்டில். இன்று அச்சீட்டில் இருப்பது ‘12 ரீமர், 1’ என்ற ஒரு வரி. அதில் இருக்க வேண்டியவை: 12 எச்7, மெஷின் ரீமர், டேப்பர் தண்டு அல்லது நேர்த்தண்டு, ஊடுருவும் துளையா அடிமூடியதா, பள்ளம் நேரா இடமுறுக்கா, உலோகம் எது, துளையின் ஆழம் எவ்வளவு. கடைக்காரர் தர வேண்டியது, விலையோடு சேர்த்து, பெட்டியிலிருந்து எடுத்து எதிரெதிர்ப் பற்களின் மேல் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்க்க ஒரு நிமிடம்.